மரங்கள் கதைக்குமாம், எங்கள் வெங்காயம் என்ன செய்யும்?

நீர்வேலி_வாழை:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு விடயம் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்று எனக்கே தெளிவில்லை.

முதலாவது. கனடாவில் இருக்கும் சித்தப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தார். காட்டு மரங்கள் எல்லாம் மண்ணுக்கடியில் பங்கசின், அதாவது காளான் இனத்தின், இழைகளால் இணைந்திருக்கின்றனவாம். தாய் மரம் பிள்ளை மரத்துக்குச் சாப்பாடு அனுப்புமாம். சாகப்போகும் மரம் தன்னிடம் இருப்பதைப் பக்கத்து மரத்துக்கு உறுதி எழுதிக் கொடுத்தது போல விட்டுவிட்டுப் போகுமாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, எங்கள் வளவில் நிற்கும் ஏழு பனையையும் காட்டி, "அப்ப இதுகளும் இரவிலை கதைக்குதுகளோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாவது. போன கிழமை பசளைக் கடையில் மைக்கொரைசா என்று ஒரு பொடியைக் காட்டினார்கள். வெங்காயம் நடும்போது பாத்தியில் தூவினால் அடிப்பசளையில் பாதி மிச்சமாம். ஒரு பக்கற்றின் விலையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். மார்கழியில் நான்கு பரப்பு நட வேண்டும். வாங்கலாமா?

கறுத்தக்கொழும்பான்:

வாங்காதே தம்பி. மிச்சத்தை ஆறுதலாகக் கதைப்போம்.

செம்பாட்டு_மண்:

அண்ணை தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் காரணத்தை வைத்துக்கொண்டார். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்தவள், ஆகவே காரணம் என் தலையில்.

நீர்வேலி, உங்கள் இரண்டு கேள்விக்குள்ளும் மைக்கொரைசா என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குள் இருப்பது ஒன்றல்ல. வேரோடு ஒன்றிய வாழ்வு நடத்தும் பங்கசுகளில் பெரிதாக இரண்டு வகை உண்டு. ஒன்று வேர் நுனியைக் கையுறை போட்டதுபோல வெளியே போர்த்திக்கொள்ளும். கலங்களுக்கு இடையில் புகும், கலத்துக்குள்ளே போகாது. பைன், ஓக், பேர்ச் போன்ற குளிர்நாட்டு மரங்களில் இருப்பது இது. அந்தக் காடுகளில் மழைக்குப் பிறகு மரத்தடியில் முளைக்கும் காளான்களில் பலவும் இந்தப் பங்கசுகளுடையவை.

மற்றது கலச்சுவரைத் துளைத்து உள்ளே போகும். உள்ளே இருக்கும் மென்சவ்வைக் கிழிக்காமல், அதைத் தள்ளிக்கொண்டே போய்க் கிளைகிளையாக விரியும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு குட்டி ஆலமரம் நிற்பது போல இருக்கும். கொடுக்கல் வாங்கல் அந்த இடத்தில்தான்: பங்கசு பொசுபரசைக் கொடுக்கும், செடி சீனியையும் கொழுப்பையும் கொடுக்கும். இந்த வகை காளான் விடாது. மண்ணுக்குள் கண்ணுக்குப் பிடிபடாத வித்திகளை விடுவதோடு சரி.

பனை, தென்னை, மா, பலா, வேம்பு, வாழை, மிளகாய், கத்தரி, புகையிலை, வெங்காயம் எல்லாம் இந்த இரண்டாவது கட்சி. உலகத்தில் உள்ள கலனிழையத் தாவரங்களில், அதாவது உடலுக்குள் நீர் கடத்தும் குழாய் உள்ள தாவரங்களில், ஏறத்தாழ 70 வீதம் இதில்தான். முதலாவது கட்சி வெறும் 2 வீதம். ஆனால் வடக்கத்திய காடுகளின் பெருமரங்கள் அந்த 2 வீதத்துக்குள் நிற்பதால், கதைகள் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. உங்கள் சித்தப்பாவின் வீடியோவும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

கறுத்தக்கொழும்பான்:

தங்கச்சி, ஒரு சந்தேகம். மாரியில் புற்றடியில் வெள்ளைக் காளான் வருமே, சின்ன வயதில் பிடுங்கிக் கறி வைத்திருக்கிறோம். அது?

செம்பாட்டு_மண்:

அதற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை அண்ணை. அது கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பங்கசு. கறையான் செய்யும் தோட்டத்தின் விளைச்சலைத்தான் நீங்கள் கறி வைத்திருக்கிறீர்கள்.

நீர்வேலி_வாழை:

அப்படியென்றால் அம்மாவிடம் "பனை கதைக்காது" என்று சொல்லிவிடவா?

மேப்பிள்_நிழல்:

அவசரப்படாதீர்கள். நான் வன்கூவரில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அந்த வீடியோக்காரர்கள் காட்டும் காடு எனக்கு ஞாயிற்றுக்கிழமை நடைப்பாதை. அதைக் கட்டுக்கதை என்று தள்ளுவது நியாயமில்லை.

சுசான் சிமார்ட் என்ற வனவியலாளர் இங்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்த ஆய்வு 1997 இல் நேச்சர் இதழில் வந்தது. பேர்ச் கன்றையும் டக்லஸ் ஃபிர் கன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, இரண்டையும் தனித்தனிப் பைகளால் மூடி, எதனுடைய காபன் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காக ஒன்றுக்குக் காபன் 13 உள்ள வாயுவையும் மற்றதற்குக் காபன் 14 உள்ள வாயுவையும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், இதனுடைய காபன் அதற்குள், அதனுடையது இதற்குள். இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது. நிழலில் நின்ற ஃபிர்ருக்கு நிகரமாகக் கூடக் கிடைத்திருக்கிறது. பின்னர் இன்னொரு குழு 30 மீற்றருக்கு 30 மீற்றர் துண்டுக் காட்டில் பங்கசின் மரபணுவைப் பார்த்து வரைபடம் போட்டார்கள். ஒரே ஒரு முதிய ஃபிர் மரம் வேறு 47 மரங்களோடு தொடுப்பில் இருந்தது.

இதைப் படித்த பிறகு காட்டுக்குள் கால் வைக்கும்போது ஒரு கூச்சம் வருகிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

செம்பாட்டு_மண்:

கூச்சம் நல்லதுதான் அண்ணா, ஆய்வும் உண்மையான ஆய்வுதான். ஆனால் அதே ஆய்வில் மூன்றாவதாக ஒரு கன்றும் இருந்தது. வீடியோக்காரர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது சீடர் மரம். அது மற்றக் கட்சி, எங்கள் பனையின் கட்சி. பேர்ச், ஃபிர்ரின் பங்கசோடு அதற்கு ஒட்டு உறவு கிடையாது. ஆனாலும் சீடருக்குள்ளும் கொஞ்சம் காபன் போயிருந்தது. ஆக ஒரு பங்கு மண் வழியாகவும் நகரும். எது இழை வழியாகப் போனது, எது வேர் விட்ட கசிவாகப் போனது என்று பிரிப்பதுதான் இந்தத் துறையின் தலையிடி.

2023 இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹொக்செமா என்ற மூவர் அதுவரை காட்டில் நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். தாய் மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு கூடக் கொடுக்கும் என்பதற்குக் காட்டில் செய்த ஆய்வு எதிலும் ஆதாரம் கிடையாது என்றார்கள். இழை வழியாகக் கிடைப்பதால் கன்றுகள் செழிக்கின்றன என்பதற்கும் சாட்சி போதாது. ஆய்வாளர்களே ஒருவரையொருவர் மேற்கோள் காட்டும்போது கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிவிட்டார்கள் என்பதும் அவர்கள் குற்றச்சாட்டு. இந்த மெலனி ஜோன்ஸ் யார் தெரியுமா? அந்த 1997 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். தன் கட்டுரையைப் பற்றி ஊர் சொன்னதைத் தானே திருத்த வந்தவர். எனக்கு அந்த அம்மாவில் தனி மரியாதை.

மேப்பிள்_நிழல்:

அது எனக்குத் தெரியாது. தேடிப் படிக்கிறேன். ஆனால் "ஆதாரம் போதாது" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றில்லையே தங்கச்சி.

செம்பாட்டு_மண்:

ஓம், ஒன்றில்லை. அதற்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். ஸ்கொட்லாந்தில் 2013 இல் போஞ்சிக்குச் சொந்தக்காரச் செடியான பாக்கிளா அவரையைத் தொட்டியில் வளர்த்துச் செய்த ஆய்வு. ஒரு செடியில் அசுவினியை விட்டார்கள். பங்கசு இழையால் தொடுப்பில் இருந்த மற்றச் செடிகள், தங்களில் ஒரு பூச்சிகூட இல்லாதபோதே, அசுவினியை விரட்டும் வாசனையை விடத் தொடங்கின. தொடுப்பை அறுத்த செடிகள் விடவில்லை. அதிலிருந்தது எங்கள் கட்சிப் பங்கசு. எனவே நீர்வேலி, அம்மாவிடம் "கதைக்காது" என்றும் சொல்ல வேண்டாம், "கதைக்கும்" என்றும் சொல்ல வேண்டாம். தொட்டிக்குள் நடந்தது வளவுக்குள்ளும் நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

துலாக்கிணறு:

எல்லாம் வாசித்தேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு, வெங்காயம் நட்டது நாற்பத்தியிரண்டு வருடம். கனடாக் காட்டை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வாருங்கள் பிள்ளைகள்.

2021 இல் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதே, அப்போது எல்லோரும் தலையில் கை வைத்தோம். யூரியா இல்லாமல் வெங்காயத் தாள் வெளிறிப்போனது உண்மை. ஆனால் ரிஎஸ்பி, அதுதான் பொசுபரசு அடிப்பசளை, போடாமல் விட்டதற்கு என் தோட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தடை எடுத்த பிறகு நான் பழையபடி போடத் தொடங்கிவிட்டேன், பயத்தில். ஏன் அப்படி என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செம்பாட்டு_மண்:

ஐயா, இந்த உரையாடல் இழையில் வந்த கேள்விகளில் இதுதான் பெரியது.

பொசுபரசு யூரியா மாதிரி இல்லை. யூரியா போட்டால் செடி எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகித் தண்ணீரோடு இறங்கி எங்கள் கிணற்றுக்குள் போகும். பொசுபரசு ஓடாது, போட்ட இடத்திலேயே குந்திவிடும். எங்கள் செம்மண்ணில் இரும்பு அதைப் பிடிக்கும், கீழே கிடக்கும் சுண்ணக்கல்லின் கல்சியம் இன்னொரு பக்கம் பிடிக்கும். நீங்கள் நாற்பது வருடமாகப் போட்ட ரிஎஸ்பியில் பெரும் பங்கு இன்னும் உங்கள் காணிக்குள்தான் கிடக்கிறது, வங்கியில் நிலையான வைப்பில் போட்ட காசு மாதிரி. இருக்கும், ஆனால் கேட்ட நேரத்துக்கு எடுக்க முடியாது.

எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் இந்தப் பங்கசு. ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நூல் கட்டு மாதிரி இருக்கும், கிளை இல்லை, வேர்மயிர் இல்லை என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் இருக்கும் பொசுபரசை எடுத்து முடித்தால், அதற்கு வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரிந்த சோறு, கைக்கு எட்டாத சோறு. பங்கசு இழை ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிப்பமில்லை, பல சென்ரிமீற்றர் தூரம் போகும். மண் துணிக்கைகளுக்கு இடையில் வேர் நுழைய முடியாத சந்துக்குள் அது நுழையும். ஆய்வுகூடத்தில் இந்தப் பங்கசை வளர்க்க வெங்காயத்தின் உறவான லீக்ஸைப் பிடித்தமாக வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுக்கு அந்தக் குடும்பம் பங்கசை நம்பியிருக்கிறது.

இனி எங்கள் பிழைக்கு வருவோம். மண்ணில் கரைந்த பொசுபரசு தாராளமாகக் கிடந்தால் செடி பங்கசைக் கூப்பிடாது. இது சும்மா சொல்லும் பேச்சில்லை. பசி எடுத்த வேர் ஸ்ட்ரிகோலக்ரோன் என்ற ஒரு பொருளைக் கசியவிடும், அதைக் கண்டால் பங்கசு இழை கிளைவிட்டு வேரை நோக்கி வரும். யப்பானியர்கள் 2005 இல் கண்டுபிடித்தார்கள். பொசுபரசு நிறைய இருந்தால் அந்தக் கசிவு குறைந்துவிடும். ஏன் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டால் சீனி கொடுக்க வேண்டுமே. வீட்டில் சோறு இருக்கும்போது யார் கடைக்குப் போவார்கள்?

ஒவ்வொரு போகமும் நாங்கள் அடிப்பசளையைக் கொட்டிக் கொட்டிச் செடியைச் சோம்பேறியாக்கிப் பங்கசைப் பட்டினி போட்டிருக்கிறோம். 2021 இல் உங்கள் வெங்காயம் பழைய இருப்பை எடுத்திருக்கும். பங்கசு எவ்வளவு உதவியது என்று வேரைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

துலாக்கிணறு:

நிலையான வைப்பு. விளங்கிவிட்டது.

நொய்யல்_கரை:

வணக்கம், நான் கோயம்புத்தூர் பக்கம். நீங்கள் பங்கசு என்பதை நாங்கள் பூஞ்சை என்போம். முதல் இரண்டு பதிவு புரிய ஐந்து நிமிடம் ஆனது! எங்கள் ஊரில் இதை "வேம்" என்று சொல்லி விற்பார்கள், விவசாயிகள் வாயில் அது வேப்பம்புண்ணாக்கோடு குழம்பிக் கிடக்கிறது. நாற்றங்காலில் போடுகிறவர்கள் உண்டு. ஒன்று கேட்கலாமா? எங்கள் கடைக்காரர் டிரைக்கோடெர்மாவும் இதுவும் ஒன்றுதான் என்கிறார். சரியா?

செம்பாட்டு_மண்:

சரியில்லை அண்ணா, கடைக்காரருக்கு வியாபாரம் சரி. ட்ரைக்கோடெர்மா மண்ணில் தனியாக வாழும், சோற்றுக் கஞ்சியில் வைத்தாலும் பச்சையாகப் படரும், வேரழுகல் கொண்டுவரும் மற்றப் பங்கசுகளைத் தின்னும். அது காவல்காரன். மைக்கொரைசா உயிருள்ள வேர் இல்லாமல் வளரவே வளராது, தனக்கு வேண்டிய கொழுப்பைக்கூடத் தானாகச் செய்யத் தெரியாது. ஆகவே அதைத் தனியாகப் போத்தலில் பெருக்க முடியாது, உயிருள்ள வேரோடு சேர்த்து வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். விலை கூடுவதற்கு அது ஒரு காரணம். ஏமாற்றுவது சுலபம் என்பதற்கும் அதுதான் காரணம்.

பருத்தித்துறை_மாஸ்டர்:

பிள்ளைகள், உயர்தர உயிரியல் படிப்பித்து இளைப்பாறியவன் நான். இந்த இழையை நான்கு நாளாக வாசித்துவிட்டு இன்றைக்குத்தான் கணக்குத் திறந்தேன். பேரன் திறந்து தந்தான்.

முதலில் ஒரு கதை. பிரசியா நாட்டு அரசாங்கத்துக்கு ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்த்துப் பணம் பார்க்க ஆசை. ஆல்பர்ட் பிராங்க் என்ற தாவரவியலாளரிடம் வழி கேட்டார்கள். அவருக்கு ட்ரஃபிள் வளர்க்கத் தெரியவில்லை. ஆனால் தோண்டிப் பார்த்த மர வேர்கள் எல்லாவற்றிலும் பங்கசு உறை இருப்பதைக் கண்டார். 1885 இல் அதற்கு மைக்கொரைசா, அதாவது பங்கசு வேர், என்று பெயர் வைத்தவர் அவர்தான். இது நோயல்ல, மரத்துக்குப் பால் கொடுக்கும் செவிலித்தாய் என்றார். பங்கசு என்றால் நோய் என்று நம்பிய காலம் அது, பலர் ஒத்துக்கொள்ளவில்லை. போலந்துக்காரர் கமியன்ஸ்கி அதற்குச் சில வருடம் முன்னமே பச்சையம் இல்லாத ஒரு செடியில் இதே உறவைக் கண்டு எழுதியிருந்தார். பெயர் வைத்தவருக்குப் புகழ் போனது, வழக்கம்போல.

பழமை என்று பார்த்தால் தலை சுற்றும். ஸ்கொட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி வருடப் பழைய கல்லுக்குள் செடிகள் கலம் கலமாக அப்படியே இருக்கின்றன. அந்தச் செடிகளுக்கு வேர் என்று ஒன்று இல்லை. ஆனால் கலங்களுக்குள் செம்பாட்டு மண் பிள்ளை சொன்ன குட்டி ஆலமரம் இருக்கிறது. வேர் வருவதற்கு முன்னமே பங்கசு வந்துவிட்டது.

பைன் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைனுக்கு ஏற்ற பங்கசு இல்லாத தீவு புவேர்ட்டோ ரிக்கோ. அங்கே எத்தனை தரம் நட்டும் கன்றுகள் மஞ்சளாகிச் செத்தன. கடைசியில் அமெரிக்கப் பைன் காட்டிலிருந்து மண் கொண்டுவந்து போட்ட பிறகுதான் நிமிர்ந்தன. எங்கள் மலைநாட்டில் வரிசையாக நிற்கும் பைனும் வெளியூர் ஆள்தான், தன் பங்கசோடு வந்த ஆள். அதே வகைப் பங்கசைச் சொந்தமாக வைத்திருக்கும் உள்ளூர் மரங்களைப் பார்க்க ஆசையென்றால் சிங்கராஜாவுக்குப் போங்கள், ஹொர மரக் கூட்டம் அங்கே இருக்கிறது.

நுணுக்குக்காட்டிச் செய்முறை பற்றி நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

கறுத்தக்கொழும்பான்:

சேர், மணற்காட்டில் சவுக்கு வேரில் கட்டி கட்டியாக இருக்குமே, அது இந்தச் சாமானா?

பருத்தித்துறை_மாஸ்டர்:

இல்லையப்பா. அந்தக் கட்டிக்குள் இருப்பது பிராங்கியா என்ற பற்றீரியா, காற்றிலிருந்து நைதரசன் பிடிக்கும். அதன் பெயர் மேலே சொன்ன அதே பிராங்கின் நினைவாக வைத்தது. பங்கசு தனியாகச் சவுக்கு வேருக்குள் இருக்கும். வெறும் மணலில் அந்த மரம் நிமிர்ந்து நிற்பதற்கு இரண்டு கூட்டாளியும் வேண்டும்.

கிளுவைவேலி:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் காணி வலிகாமம் வடக்கில். 1990 இல் விட்டுவிட்டு ஓடினோம், இருபத்தேழு வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. காணி இரண்டு விதமாகக் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பற்றைக்காடு, வடலி, நாயுண்ணி. மற்றப் பக்கம் மேல்மண்ணை வழித்து அணை கட்டியிருந்தார்கள், சுண்ணக்கல் பல் இளித்துக்கொண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெங்காயம் வைத்தோம், ஒரே எரு, ஒரே தண்ணீர். பற்றைப் பக்கம் வந்தது. மற்றப் பக்கம் ஊதா நிறமாகிக் குறண்டி நின்றது. அப்பா "மண் கோபித்துக்கொண்டது" என்றார். இந்த இழையை வாசித்த பிறகு யோசிக்கிறேன், கோபித்துக்கொண்டது மண்ணா, பங்கசா?

செம்பாட்டு_மண்:

அக்கா, மேல்மண் போனால் சேதனப் பொருள், தண்ணீர் பிடிப்பு, போசணை எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே முழுப் பழியையும் பங்கசில் போட முடியாது. ஆனால் வித்திகளும் இழைகளும் பெரும்பாலும் அந்த மேல் மண்ணில்தான் இருக்கும், அவையும் அணைக்குள் போய்விட்டன. ஊதா நிறம் பொசுபரசுப் பசியின் அடையாளங்களில் ஒன்று.

பற்றைப் பக்கம் ஏன் வந்தது என்பது எனக்கு இன்னும் சுவையான கேள்வி. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலத்தை நீண்ட காலம் களையே இல்லாமல் வெறுமையாகப் போட்டு வைத்துவிட்டு விதைத்தால், பயிர் காரணமில்லாமல் குன்றும். எண்பதுகளில்தான் பிடித்தார்கள்: உயிருள்ள வேர் இல்லாததால் மைக்கொரைசா குறைந்துபோய், பயிர் பொசுபரசும் துத்தநாகமும் எடுக்க முடியாமல் நின்றிருக்கிறது. உங்கள் காணி கைவிடப்பட்டுக் கிடந்தது, ஆனால் வெறுமையாகக் கிடக்கவில்லை. நாயுண்ணியும் வடலியும் இருபத்தேழு வருடம் அந்தப் பங்கசுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

வழித்த பக்கத்துக்கு நான் பொடி வாங்கச் சொல்ல மாட்டேன். பற்றைப் பக்கத்து மேல்மண்ணில் கடகக் கணக்கில் எடுத்து, அதில் முதலில் சோளமோ பயறோ போடுங்கள். குழை தாழுங்கள். உள்ளூர்ப் பங்கசு உள்ளூர் மண்ணுக்குப் பழகியது. ஒரே ஒரு எச்சரிக்கை, வெங்காயத்தில் அழுகல் வந்த பாத்தி மண்ணை எடுக்காதீர்கள், நோயும் கூடவே வரும்.

கிளுவைவேலி:

நாயுண்ணியை அப்பா மண்வெட்டியால் வெட்டும்போது திட்டாத திட்டில்லை. இனிச் சொல்லிப் பார்க்கிறேன்.

நீர்வேலி_வாழை:

என் கேள்விக்கு இன்னும் பதில் முடியவில்லை. போன போகம் பாதிக் காணியில் பீற்றூட்டும் கோவாவும் வைத்தேன். அது ஏதும் செய்யுமா?

செம்பாட்டு_மண்:

செய்யும். கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகுக் குடும்பம் இந்தப் பங்கசை உள்ளே எடுப்பதில்லை. பீற்றூட், கீரைக் கூட்டமும் பெரும்பாலும் அப்படித்தான். அவை நிற்கும் மாதங்கள் பங்கசுக்கு வருமானம் இல்லாத மாதங்கள். அதற்குப் பின்னால் உடனே வெங்காயம் வைத்தால் தொடக்கத்தில் வேருக்குக் கூட்டாளி குறைவாக இருக்கும். நடுவில் ஒரு பயறோ உழுந்தோ போட்டால் நல்லது. வேலியில் பூவரசும் கிளுவையும் நிற்கிறதென்றால் அவற்றின் வேரில் பங்கசு வருடம் முழுக்க உயிரோடு இருக்கும்.

பொடிக்கு வருகிறேன். நல்ல பொடி பயன் தரும் இடங்கள் உண்டு: கிருமி நீக்கிய நாற்றுமேடை மண், தொட்டி, மேல்மண் போன காணி. ஏற்கெனவே பங்கசு இருக்கும், பொசுபரசு நிரம்பிய வெங்காயப் பாத்தியில் அது மணற்காட்டுக்கு மணல் ஏற்றுவது போல. வெளிநாடுகளில் கடைப் பொடிகளைச் சோதித்தபோது பலவற்றில் உயிருள்ள வித்தியே இருக்கவில்லை. உங்கள் கடையில் அந்தப் பக்கற் எங்கே இருந்தது?

நீர்வேலி_வாழை:

வாசலில். வெயிலில். சீமெந்து மூட்டைக்கு மேலே.

கறுத்தக்கொழும்பான்:

நான் முதலே சொன்னேன்.

பருத்தித்துறை_மாஸ்டர்:

வாக்குக் கொடுத்தபடி செய்முறை. பங்கசு வேரில் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடங்களில் முன்பு உபயோகித்த சாயம் நச்சுத்தன்மை உள்ளது. 1998 இல் ஒரு குழு அதைவிட எளிய வழி சொன்னது: பேனா மையும் வினாகிரியும். நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளோடு செய்து பார்த்திருக்கிறேன்.

மெல்லிய வேரைக் கழுவி, 10 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் கண்ணாடி போலத் தெளியும்வரை சூடாக்க வேண்டும். இது தோலை எரிக்கும், கையுறை, கண்ணாடி இல்லாமல் கிட்டவும் போகக் கூடாது, வீட்டுக் குசினியில் செய்யவே கூடாது. நன்றாகக் கழுவிய பின், 5 வீதம் கறுப்பு மை கலந்த வினாகிரியில் மூன்று நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். பிறகு இரண்டு துளி வினாகிரி விட்ட தண்ணீரில் ஊறவிட்டால், வேரின் நிறம் போய்விடும், பங்கசின் நிறம் நிற்கும்.

எல்லா மையும் பிடிக்காது. முதல் வருடம் சந்தியில் வாங்கிய மலிவு நீல மை முழுக்கக் கழுவிப் போய், முப்பது பிள்ளைகள் வெறும் வேரைப் பார்த்துவிட்டு "தெரியுது சேர்" என்று மரியாதைக்குச் சொன்னார்கள். அடுத்த வருடம் லண்டனிலிருந்து வந்த ஒருவர் ஷீஃபர் கறுப்பு மை கொண்டுவந்து தந்தார். அன்றைக்கு ஒரு பிள்ளை நுணுக்குக்காட்டியை விட்டு எழும்ப மறுத்துவிட்டாள்.

நீர்வேலி, வெங்காயம் நட்டு ஐந்தாறு கிழமையில் நான்கு வேரைப் பிடுங்கி ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வா. என் பழைய பள்ளிக்கூடத்தில் கேட்டு ஏற்பாடு செய்கிறேன்.

செம்பாட்டு_மண்:

சேர், நானும் வரலாமா? நீர்வேலி, நடும்போதே காணியை மூன்று துண்டாகப் பிரியுங்கள். ஒன்று வழமையான ரிஎஸ்பி, ஒன்று பாதி, ஒன்று பாதியும் பொடியும். பொடியைக் கொஞ்சம் மட்டும் யாரிடமாவது வாங்குங்கள். பீற்றூட் நின்ற பக்கம், நிற்காத பக்கம் இரண்டிலும் மூன்று துண்டும் வர வேண்டும், இல்லாவிட்டால் எதனால் வந்த வித்தியாசம் என்று பிறகு சண்டை பிடிக்க வேண்டிவரும்.

நீர்வேலி_வாழை:

மாசி மாதம். இழையை மறக்கவில்லை, கை ஒழியவில்லை.

பிரித்து நட்டேன். மார்கழிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை, பள்ளப் பக்கம் இருந்த இரண்டு துண்டு தண்ணீருக்குள் நின்று அழுகிவிட்டது. மிஞ்சியது நான்கு துண்டு. கிளப்பி, தாள் வாடவிட்டு நிறுத்தேன். முழு ரிஎஸ்பிக்கும் பாதிக்கும் இடையில் தராசு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பொடி போட்டதும் பாதியைப் போலத்தான். பீற்றூட் நின்ற பக்கம் வெங்காயம் கொஞ்சம் சின்னன், ஆனால் அது பள்ளத்துக்குக் கிட்ட இருந்த பக்கம். எனவே சண்டை பிடிக்க இடமிருக்கிறது.

செம்பாட்டு_மண்:

ஒரு போகம், நான்கு துண்டு, ஒரு வெள்ளம். இதை வைத்து நான் எதையும் நிறுவ மாட்டேன். ஆனால் அடுத்த போகமும் பாதி ரிஎஸ்பியோடு நில்லுங்கள், முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு.

பருத்தித்துறை_மாஸ்டர்:

வேரைப் பற்றி எழுதவில்லையே தம்பி? நானே சொல்கிறேன். மூன்று விதத் துண்டு வேரிலும் பங்கசு இருந்தது. பொடி போடாததிலும் தாராளமாக இருந்தது. முழு ரிஎஸ்பி போட்டதில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது, பாதி போட்டதில் கண்ணாடியை வைத்த இடமெல்லாம் கறுப்பு மரம். எண்ணிக் கணக்கெடுக்கவில்லை, நான்கு வேர்தான் பார்த்தோம், ஆகவே இதை எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

நீர்வேலி_வாழை:

ஓம் சேர், அதை எழுத மறந்துவிட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வளவுப் பனையிலிருந்து ஒரு துண்டு வேரும் கொண்டு வந்திருந்தார், தடித்த வேர், சேர் எவ்வளவு நேரம் அவித்தும் தெளியவில்லை. கடைசியில் வெங்காய வேரைத்தான் பார்த்தார். கனநேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது கதைக்கிற மாதிரித் தெரியேல்லை, இருந்து சாப்பிடுற மாதிரித்தான் கிடக்கு" என்றார்.

மேப்பிள்_நிழல்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மாஸ்டர் சேர், சித்திரையில் ஊருக்கு வருகிறேன். கறுப்பு மை எத்தனை போத்தல் வேண்டும்?

பருத்தித்துறை_மாஸ்டர்:

இரண்டு. பனை வேருக்கு இன்னும் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன், மெல்லிய கிளை வேராகத் தோண்ட வேண்டும்.

துலாக்கிணறு:

அதெல்லாம் சரி. நீர்வேலி, வெங்காயம் கிலோ என்ன விலைக்குக் கொடுத்தாய்?